பதற்றத்துக்கான உளவியல் சிகிச்சை: 16 அமர்வுகளுக்குப் பின் ஒரு மதிப்புரை

கடந்த ஆண்டு ஓர் அலுவலகக் கூட்டத்தில் கணக்கறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தபோது என் நெஞ்சு படபடத்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டதைப் போலிருந்தது. மாரடைப்பு என்றே நம்பினேன். மருத்துவமனையில் ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தில் குறையொன்றும் இல்லை, இது பதற்றத்தால் வந்தது, உளவியல் சிகிச்சையாளர் ஒருவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நிம்மதி வர வேண்டிய இடத்தில் எனக்கு அவமானம்தான் வந்தது. உடலில் ஒரு நோய் இருந்திருந்தால் வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு பெயராவது கிடைத்திருக்கும் என்று அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பிலிருந்து வெளியே வர எனக்கு ஆறு மாதங்களும் 16 அமர்வுகளும் தேவைப்பட்டன.

அந்தச் சிகிச்சை எனக்கு என்ன தந்தது, எங்கே குறைபட்டது, எப்படிப்பட்ட பெண்ணுக்கு அது உதவும் என்பதைப் பயன்படுத்தியவள் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். என்னைக் கவனித்தவரின் பெயரையோ அவர் பணிபுரியும் இடத்தையோ குறிப்பிடப்போவதில்லை. நான் மதிப்பிட விரும்புவது அந்தச் சேவையை, அது நடக்கும் விதத்தை. தயக்கத்தோடு இதை வாசிக்கும் ஒரு பெண்ணாவது, முதல் அமர்வுக்குள் நுழையும்போது என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு நுழைந்தால் எனக்கு மகிழ்ச்சி.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்று பார்த்த முதல் ஆலோசகரிடம் மூன்று அமர்வுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. அவர் அன்பானவர், பொறுமையாகக் கேட்டார், ஆனால் கேட்டு முடித்ததும் ஒவ்வொரு முறையும் அறிவுரை சொன்னார். நல்லதையே நினையுங்கள், சிறிய விஷயங்களைப் பெரிதாக்காதீர்கள், உங்களுக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்பவையெல்லாம் என் அக்காவே எனக்குச் சொன்னவை. நினைக்காதே என்று யாராவது சொன்னால் நினைப்பு நின்றுவிடும் என்றால் நான் அவரிடம் போயிருக்கவே வேண்டியதில்லை. மூன்றாவது அமர்வில், என் பதற்றம் எதனால் வருகிறது, எவ்வளவு நாட்களுக்கு என்ன செய்யப்போகிறோம், முன்னேற்றத்தை எப்படி அளக்கப்போகிறோம் என்று கேட்டேன். மூன்றுக்கும் அவரிடம் தெளிவான பதில் இல்லை. ஒரு சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவையே என்பது என் உறுதியான கருத்து. அவர் எந்த முறையில் பயிற்சி பெற்றவர் என்பதையும் கூச்சமில்லாமல் கேட்கலாம். நன்றாகப் பயின்றவர் அதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில் முதல் அமர்வு ஏறக்குறைய மருத்துவப் பரிசோதனை போலவே தொடங்கியது. தைராய்டு பார்த்தீர்களா, இரத்தசோகை உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை முறை காபியோ தேநீரோ குடிக்கிறீர்கள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, தூக்கம் எத்தனை மணிநேரம், வேறு மருந்துகள் உண்டா என்று அங்கிருந்த சிகிச்சையாளரான அம்மையார் ஒவ்வொன்றாகக் கேட்டார். மனதைப் பற்றிப் பேச வந்தவளிடம் இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று பதற்றத்தின் அத்தனை சாயலும் உடலில் தோன்றும் என்பதும், தைராய்டுக் கோளாறுகள் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகின்றன என்பதும் பிறகுதான் தெரிந்தது. உடல் காரணங்களை விலக்கிய பிறகே மனதின் பக்கம் திரும்ப வேண்டும் என்ற அந்த ஒழுங்கு எனக்கு அவர்மீது நம்பிக்கையை உண்டாக்கியது.

அன்றே ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். 2006இல் உருவாக்கப்பட்ட இந்தக் கேள்வித்தாள் ஜிஏடி-7 என்ற பெயரில் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் படபடப்பாக உணர்ந்தீர்கள், கவலையை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா, ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்று அஞ்சினீர்களா என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 21. பத்தைத் தொட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டும். பதினைந்தைத் தொட்டால் பதற்றம் கடுமையானதாகக் கொள்ளப்படுகிறது. எனக்கு 16 வந்தது. எண்ணைப் பார்த்து நான் கலங்கியபோது, இது நோய்க்கான தீர்ப்பு இல்லை, வெப்பமானி காட்டும் அளவு போன்றது, இதையே நான்கு அமர்வுகளுக்கு ஒருமுறை மீண்டும் நிரப்புவீர்கள், நாம் செய்வது பலிக்கிறதா இல்லையா என்று இது இருவருக்கும் சொல்லிவிடும் என்றார். சிகிச்சையாளர் தன் வேலையையும் சேர்த்து அளவுகோலில் வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

நான் மட்டும்தான் இப்படி என்ற எண்ணமும் அந்த அமர்வில்தான் தளர்ந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் சுமார் 30 கோடிப் பேர் பதற்ற நோய்களுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. ஆண்களைவிடப் பெண்கள் இந்நோய்க்கு ஆளாவது ஏறக்குறைய இரு மடங்கு. ஏன் இரு மடங்கு என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஹார்மோன்களின் ஏற்ற இறக்கம், வன்முறைக்கும் அத்துமீறலுக்கும் ஆளாகும் வாய்ப்பு, பிறரைக் கவனிக்கும் பொறுப்பு ஒருவர் தலையிலேயே குவிவது, நடந்ததையே மீண்டும் மீண்டும் மனதில் அரைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் எனப் பலவும் சேர்ந்து பின்னுகின்றன. இவற்றில் எந்த இழை என்னுடையது என்று பிரித்துப் பார்ப்பதே அடுத்த சில வாரங்களின் வேலையாக இருந்தது.

இந்தச் சேவையில் எனக்கு மிகப் பெரிய பயன் தந்த பகுதி, பதற்றம் உடலில் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமே. ஆபத்தைக் கண்டால் போரிடவோ ஓடவோ உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது என்பதை உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915லேயே எழுதியிருக்கிறார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் பின்னுக்குப் போகிறது. கூட்டத்தில் என் வயிறு புரண்டதும், தோள்கள் கல்லாய் இறுகியதும், உள்ளங்கை வியர்த்ததும் ஒரே ஏற்பாட்டின் பகுதிகள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. துரத்தும் மிருகம் இல்லாத அறையில் அந்த ஏற்பாடு முழு வீச்சில் ஓடியது என்பதுதான் சிக்கல். உடலில் பழுது ஏதுமில்லை, காவல்காரர் அளவுக்கு மீறிய விழிப்போடு இருக்கிறார் என்று என் சிகிச்சையாளர் சொன்ன விதத்தில், பல மாதங்களாக என் உடல்மீது நான் கொண்டிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

ஐந்தாவது அமர்வில் அவர் செய்யச் சொன்ன ஒரு சோதனையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். என் இதயமும் நுரையீரலும் நலமாக இருப்பதை மருத்துவக் குறிப்பில் சரிபார்த்துக்கொண்ட பிறகு, ஒரு நிமிடம் நாற்காலியில் அமர்ந்தபடியே வேகவேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடச் சொன்னார். நாற்பது விநாடிகளுக்குள் விரல் நுனிகள் மரத்தன, தலை சுற்றியது, உதடுகளைச் சுற்றி ஊசி குத்துவது போலிருந்தது. கூட்டத்தில் எனக்கு நேர்ந்தது அப்படியே திரும்ப வந்திருந்தது, அதுவும் நானே வரவழைத்து. மூச்சு மிகையாகும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றே சுருங்குகின்றன, அதனால்தான் இந்த மரமரப்பும் தலைச்சுற்றலும் என்று விளக்கினார். மூச்சைச் சீராக்கியதும் சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிட்டன. மாரடைப்பு என்று நான் படித்த அறிகுறிகளை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரே நிமிடத்தில் உண்டாக்க முடிகிறதென்றால், அவற்றை நான் இத்தனை காலம் தவறாகப் படித்திருக்கிறேன் என்றுதான் பொருள்.

உடலின் சாதாரணக் குறிகளைப் பேரழிவின் அறிகுறிகளாகப் பொருள்கொள்வதே, எனக்குக் கூட்டத்தில் வந்தது போன்ற பீதித் தாக்குதலை ஊதிப் பெருக்குகிறது என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கியிருக்கிறார். படபடப்பு வருகிறது, இதயம் நிற்கப்போகிறது என்று அஞ்சுகிறோம், அந்த அச்சமே மேலும் அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது, படபடப்பு கூடுகிறது, அச்சம் உறுதியாகிறது. இந்தச் சுழற்சியைச் சிகிச்சையாளர் தாளில் வட்டமாக வரைந்து காட்டியபோது எனக்கு அழுகை வந்தது. கோழைத்தனம் என்று நான் பெயரிட்டு வைத்திருந்த ஒன்றுக்கு ஒரு படம் இருந்தது, அம்புக்குறிகள் இருந்தன, எந்த இடத்தில் அதை அறுக்கலாம் என்ற குறிப்பும் இருந்தது. இதை வாசிக்கும் யாரும் இந்த மூச்சுச் சோதனையைத் தாமாகவே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஏற்றதன்று. பயிற்சி பெற்றவர் அருகில் இருந்து செய்வதற்குக் காரணம் இருக்கிறது.

அவர் கையாண்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் முறை. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் இதன் அடித்தளத்தை அமைத்தார். ஒரு நிகழ்வுக்கும் நம் உணர்ச்சிக்கும் நடுவே, நாம் கவனிக்காமலேயே ஓர் எண்ணம் மின்னி மறைகிறது என்பதும், அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்திச் சரிபார்க்கலாம் என்பதும் அதன் மையம். வாரம் ஒரு முறை, ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பேசுவோம்; மீதி ஆறு நாட்களும் வீட்டுப்பாடம். எனக்குக் கிடைத்த முதல் வீட்டுப்பாடம் ஒரு குறிப்பேடு. கவலை தோன்றும்போதெல்லாம், என்ன நடக்கப்போவதாக அஞ்சுகிறேன் என்பதை ஒரே வரியில் எழுத வேண்டும்; அது நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும்; வாரக் கடைசியில் உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினால் வேலை போய்விடும், மகள் அழைப்பை எடுக்காவிட்டால் விபத்து, தலை வலித்தால் மூளையில் கட்டி என்று முதல் வாரத்தில் மட்டும் 31 வரிகள் எழுதினேன். நடந்தவை இரண்டு. அந்த இரண்டும் நான் அஞ்சிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பதற்ற நோய் உள்ளவர்களிடம் இதே போன்ற குறிப்பேட்டைக் கொடுத்துச் செய்து 2020இல் வெளியான சிறிய ஆய்வொன்றிலும், எழுதப்பட்ட கவலைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நடக்கவே இல்லை என்று கண்டார்கள். புள்ளிவிவரமாகக் கேட்டிருந்தால் நான் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பேன். என் கையெழுத்தில், என் அச்சங்களுக்கு எதிரே, நடக்கவில்லை, நடக்கவில்லை என்று நானே எழுதியதை வாசித்தபோது மறுக்க வழியில்லாமல் போயிற்று.

அதைவிட வலித்த கண்டுபிடிப்பு ஒன்றும் அந்தக் குறிப்பேட்டிலிருந்தே வந்தது. நான் கவலைப்படுவதோடு நிற்கவில்லை. கவலையைத் தணிக்க நாள் முழுவதும் ஏதேனும் செய்துகொண்டே இருந்தேன். மகளுக்கு ஒரு நாளில் ஏழு முறை அழைப்பு, அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பத் திரும்ப வாசிப்பு, கதவைப் பூட்டினோமா என்று மீண்டும் மாடியேறிப் பார்ப்பு, நான் சொன்னதில் தவறில்லையே என்று தோழியிடம் உறுதி கேட்பு. இவை ஒவ்வொன்றும் ஐந்து நிமிட நிம்மதியைத் தந்துவிட்டு, நீ பார்த்ததால்தான் ஆபத்து நீங்கியது என்ற பாடத்தை மூளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகின்றன. பொறுப்பான தாய், பொறுப்பான ஊழியர் என்று பிறர் என்னைப் பாராட்டிய குணங்களில் பாதிக்கு மேல் பதற்றத்தின் செயல்களே என்று உணர்ந்த வாரம் மிகவும் கடினமாக இருந்தது. பெண்ணின் பதற்றம் நீண்ட காலம் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அது அக்கறையின் உடையை அணிந்துகொண்டு நடமாடுகிறது, சுற்றியிருப்பவர்களும் அதனால் பயன் அடைகிறார்கள்.

இப்படித் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கங்களைக் கைவிடும் பயிற்சி படிப்படியாக நடந்தது. அஞ்சுவதைச் சிறிது சிறிதாக அணுகினால் அச்சம் குறையும் என்பதை 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் உளவியலாளர் முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற சிறுவனிடம் செய்து காட்டினார். குழந்தை தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, என் அச்சங்களை எளியதிலிருந்து கடினமானது வரை படிகளாக அடுக்கிய என் ஏணியின் முதல் படி, மகளுக்கு மூன்று முறை மட்டுமே அழைப்பது. எட்டாவது படி, அதே கூட்ட அறையில் அறிக்கையை வாசிப்பது. ஐந்து, ஆறாவது வாரங்களில் பதற்றம் முன்பைவிடக் கூடியது. இது முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததால்தான் நான் நிறுத்தவில்லை. இந்தக் கட்டத்தில் பலர் சிகிச்சை தமக்குப் பலிக்கவில்லை என்று விலகிவிடுகிறார்கள் என்று அவர் சொன்னார். நானும் ஒரு நாள் அமர்வை ரத்து செய்யத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன்.

பெண்களுக்கென்றே உரியவற்றை அவர் கையாண்ட விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு வயது 44. மூன்று மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் நாட்களையும் பதற்றத்தின் அளவையும் ஒரே நாட்காட்டியில் குறித்து வரச் சொன்னார். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் என் மதிப்பெண்கள் ஏறுவதும், இரவில் திடீரென உடல் கொதித்து வியர்த்து எழும் நாட்கள் தனியாக இருப்பதும் அதில் தெரிந்தன. மாதவிடாய் நிற்கும் பருவத்தை நெருங்கும்போது வரும் உடல் கொதிப்பில் படபடப்பும் சேர்ந்தே வருவதுண்டு. அதை நான் பீதித் தாக்குதல் என்று எண்ணி மேலும் அஞ்சியிருக்கிறேன். இரண்டையும் பிரித்தறியக் கற்றது பெரும் உதவியாக இருந்தது. மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் வரும் பதற்றத்துக்கும் இதே கவனம் தேவை. சோர்வு, அழுகை ஆகியவற்றைப் பற்றிக் கேட்பவர்கள்கூட, குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் விழித்துப் பார்க்கும் தாயிடம் அதைப் பற்றிக் கேட்பதில்லை. என் மகள் பிறந்தபோது நான் அப்படி விழித்திருந்தேன். அதற்கு ஒரு பெயரும் சிகிச்சையும் உண்டு என்று அப்போது எவரும் சொல்லவில்லை.

ஒன்பதாவது அமர்வில் நடந்ததை இந்தச் சேவையின் தரத்துக்கு நல்ல சான்றாகக் கருதுகிறேன். வழக்கம்போல் ஓர் எண்ணத்தைச் சரிபார்க்கத் தொடங்கினோம். என்னால் எல்லாவற்றையும் செய்து முடிக்க முடியாது என்பதுதான் அந்த எண்ணம். ஆதரவான சான்றுகள், எதிரான சான்றுகள் என்று எழுதிக்கொண்டே போனபோது அவர் பேனாவை வைத்துவிட்டு, என் ஒரு நாளை மணிவாரியாக எழுதச் சொன்னார். எழுதியதைப் பார்த்துவிட்டு, "இந்த எண்ணத்தில் பிழை இல்லை அம்மா. இத்தனையையும் ஒருவரால் செய்ய முடியாது. திருத்த வேண்டியது உங்கள் நினைப்பை இல்லை, இந்த அட்டவணையை" என்றார். வீட்டில் யாருக்கு எப்போது மருந்து, எந்தக் கட்டணத்துக்கு எது கடைசி நாள், யார் பிறந்தநாள் என்று நினைவில் வைத்திருப்பதே ஒரு வேலை என்றும், கண்ணுக்குத் தெரியாத அந்த வேலையைப் பங்கிடாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்வது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதைப் போன்றது என்றும் சொன்னார். அதற்குப் பின் மூன்று அமர்வுகள், எதை யாரிடம் ஒப்படைப்பது, மறுப்பதை எந்தச் சொற்களில் சொல்வது, சொன்ன பிறகு வரும் குற்ற உணர்ச்சியோடு எப்படி இருப்பது என்பதிலேயே கழிந்தன. என் கணவர் ஓர் அமர்வுக்கு உடன் வந்தார். கட்டணங்களும் மாமியாரின் மருத்துவ நாட்களும் இப்போது அவர் பொறுப்பு. முதல் மாதம் அவர் இரண்டைத் தவறவிட்டார், நான் நினைவூட்டாமல் இருந்தேன். அதுவும் ஏணியில் ஒரு படியாகவே எழுதப்பட்டிருந்தது.

இதையொட்டி ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. ஒரு பெண் வீட்டிலோ பணியிடத்திலோ உண்மையான அச்சுறுத்தலுக்கு ஆளாகி வாழ்கிறாள் என்றால், அவளுடைய பதற்றம் பிழையான எச்சரிக்கை இல்லை; அது சரியாகத்தான் ஒலிக்கிறது. அவளிடம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வது அநீதி. அங்கே முதலில் வேண்டுவது பாதுகாப்பும் சட்ட உதவியும். மனதைத் தேற்றும் பயிற்சிகள் அதற்குப் பிறகுதான். என்னைக் கவனித்தவர் முதல் அமர்வில், நான் தனியாக இருக்கும்போது, வீட்டில் யாரையேனும் கண்டு அஞ்சுகிறீர்களா என்று நேரடியாகக் கேட்டார். எல்லாச் சிகிச்சையாளர்களும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்காதவரிடம், அச்சுறுத்தலில் இருக்கும் பெண் தானாகவே இதைச் சொல்லிவிட முயல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளும் இருந்தன. வீட்டுப்பாடம் அதிகம். நேரமில்லாததே நோயின் ஒரு காரணமாக இருக்கும் பெண்ணிடம் தினமும் அரைமணிநேரம் எழுதச் சொல்வதில் ஒரு முரண் இருக்கிறது. நான் இதைச் சொன்ன பிறகே அது நாளுக்குப் பத்து நிமிடமாகக் குறைக்கப்பட்டது, முதலிலேயே கேட்டிருக்கலாம். தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, 1920களில் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்தது, எனக்கு இரவில் தூங்க உதவியது. பகலில் பதற்றம் வந்த வேளையில் உதவவில்லை. அதற்கு இரண்டு முழு அமர்வுகள் செலவானது வீண் என்றே கருதுகிறேன். முதல் அமர்வுக்கு நாள் கிடைக்க ஐந்து வாரங்கள் காத்திருந்தேன்; அந்த இடைவெளியில் என்ன செய்யலாம் என்று ஒரு பக்கக் குறிப்பாவது அனுப்பியிருந்தால் பலருக்கு அது ஊன்றுகோலாக இருந்திருக்கும். வாரம் தவறாமல் 16 முறை செல்வது பணத்தையும் நேரத்தையும் கேட்கிறது. இது எல்லாப் பெண்களுக்கும் எட்டுவதாக இல்லை என்பதுதான் இந்தச் சேவையைப் பற்றி எனக்குள்ள ஆழ்ந்த வருத்தம்.

நான்கு அமர்வுகள் காணொளி வழியாக நடந்தன. பயண நேரம் மிச்சமாயிற்று, பேச்சின் தரம் குறையவில்லை. ஆனால் வீட்டில் பூட்டிக்கொள்ள ஓர் அறை இல்லாதவருக்கு இது சரிவராது. பக்கத்து அறையில் ஆள் இருக்கும்போது மாமியாரைப் பற்றியோ கணவரைப் பற்றியோ எவரால் மனம் திறந்து பேச முடியும்? ஒரு முறை நான் வாகன நிறுத்தத்தில் காருக்குள் அமர்ந்து பேசினேன். அதுவே அந்த நான்கில் சிறந்த அமர்வு.

மருந்துகளைப் பற்றி ஒரு சொல். உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. அது மனநல மருத்துவரின் பொறுப்பு. எனக்கு மருந்து தேவைப்படவில்லை. தேவைப்படுபவர்கள் அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. பதற்றத்துக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மருந்துகள் முழுப் பலன் காட்டச் சில வாரங்கள் எடுத்துக்கொள்கின்றன, அவற்றோடு பேச்சுச் சிகிச்சையையும் சேர்த்துப் பெறலாம். கர்ப்பமாக இருப்பவரும் பாலூட்டுபவரும் மருந்தைத் தாமாகத் தொடங்கவும் கூடாது, அச்சத்தில் தாமாக நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும்.

கடைசி அமர்வில் நிரப்பிய தாளில் என் மதிப்பெண் 6. பூஜ்யம் வரவில்லையே என்று கேட்டேன். கவலையே இல்லாத மனிதரை உருவாக்குவது நம் நோக்கமாக இருந்ததில்லை என்றார். அன்று இருவரும் சேர்ந்து ஒரு பக்கம் எழுதினோம்: எந்த அறிகுறிகள் மீண்டும் தலைகாட்டினால் கவனிக்க வேண்டும், முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும், எந்த நிலையில் மறுபடி அவரை அழைக்க வேண்டும் என்று. இரண்டு மாதங்கள் கழித்து மகள் வெளியூர் சென்று தங்கியபோது அந்தத் தாள் தேவைப்பட்டது. ஒரு வாரத்தில் அழைப்புகள் நாளுக்கு ஆறாக ஏறின. தாளை எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் மூன்றாம் படியிலிருந்து தொடங்கினேன். அவரையும் ஒரு முறை சென்று பார்த்தேன். பத்து நாட்களில் சீரானது.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன் என்றால், கவலை மாதக்கணக்கில் விடாமல் தொடர்ந்து, தூக்கத்தையும் வேலையையும் உறவையும் அரிக்கத் தொடங்கியிருக்கும் பெண்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகும் உங்கள் பதற்றத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் விளங்கவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள், பிறகும் மாறாவிட்டால் வேறொருவரைத் தேடுங்கள். முதலில் பார்த்தவர் பொருந்தவில்லை என்பதற்காகச் சிகிச்சையையே கைவிட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க முடியாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருபவர்கள் அமர்வுக்கு நாள் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லவோ உதவி எண்ணை அழைக்கவோ வேண்டும்.

சென்ற வாரம் அதே கூட்ட அறையில் காலாண்டு அறிக்கையை வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் நெஞ்சு படபடத்தது, விரல்கள் இலேசாக மரத்தன. இது அட்ரினலின், இது என் மூச்சு என்று அடையாளம் கண்டுகொண்டேன். மேசைமீதிருந்த தண்ணீரைக் குடிக்கச் சற்று நிறுத்தினேன். பிறகு நான்காம் பக்கத்தைப் புரட்டினேன்.